அகொன்காகுவா: 'கல் காவலன்' என்ற பெயர் வந்தது எப்படி? கினாபாலு ஏறியவர்கள் இந்த மலையிலும் ஏற முடியுமா?

கினாபாலு மலை ஏறி முடித்து, சான்றிதழோடு கோலாலம்பூர் திரும்பும் பலருக்கும் வரும் அடுத்த கேள்வி இதுதான்: "சரி, அடுத்து எந்த மலை?"

மலையேறும் நண்பர்கள் குழுவில் நீங்களும் இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அகொன்காகுவா. தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவின் மெண்டோசா மாநிலத்தில், சிலி எல்லைக்கு அருகே நிற்கும் மலை. ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயரமான மலை உலகில் கிடையாது.

"கயிறு வேண்டாம், பனிக்கோடாரி வித்தை வேண்டாம், நடந்தே போயிடலாம்" என்று இந்த மலையைப் பற்றிச் சொல்லப்படுவதும் உண்டு. அதில் எவ்வளவு உண்மை? அந்த விசித்திரமான பெயருக்கு என்ன பொருள்? கிள்ளான் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய கடல் மட்டத்தில் வாழும் ஒருவர் இதற்குத் தயாராக என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு உயரம்?

அகொன்காகுவாவின் உயரம் 6,961 மீட்டர். இந்த எண் மனதில் பதிய ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

கினாபாலு மலை 4,095 மீட்டர். அதன் உச்சியில், தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான தஹான் மலையைத் (2,187 மீட்டர்) தூக்கி வையுங்கள். அதற்கும் மேலே கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கோபுரத்தை (678.9 மீட்டர்) நிறுத்துங்கள். மூன்றையும் கூட்டினால் வருவது 6,960.9 மீட்டர். கிட்டத்தட்ட அதுதான் அகொன்காகுவா.

ஏழு கண்டங்களின் மிக உயரமான சிகரங்களை 'ஏழு சிகரங்கள்' என்று மலையேறிகள் அழைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

பலர் நினைப்பதுபோல் இது எரிமலை அல்ல. பசிபிக் பெருங்கடலின் அடியில் உள்ள நாஸ்கா தட்டு, தென் அமெரிக்கத் தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தில் மடிந்து உயர்ந்ததே ஆண்டிஸ் மலைத்தொடர். மலையில் பழைய எரிமலைப் பாறைகள் இருந்தாலும், இன்று அது வெடிக்கக்கூடிய மலை இல்லை.

பெயரின் பொருள் என்ன?

சுற்றுலாக் கையேடுகளில் நீங்கள் படிக்கும் விளக்கம் இது: இன்காக்களின் மொழியான கெச்சுவாவில் 'அக்கோன் கவாக்' என்றால் 'கல் காவலன்'. அதுவே ஸ்பானியர்களின் வாயில் அகொன்காகுவா ஆனது.

அழகான விளக்கம்தான். ஆனால் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் சிக்கல் தெரியும்.

'கவாக்' என்ற பகுதிக்குப் பிரச்சினை இல்லை. கெச்சுவாவில் 'கவாய்' என்றால் பார்ப்பது. அதனுடன் 'க்' என்ற விகுதி சேர்ந்தால் 'பார்ப்பவன்', அதாவது காவல் காப்பவன். ('கவாக்', 'காவல்' இரண்டும் ஒலியில் நெருங்கி வருதே என்று உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். இரு மொழிகளுக்கும் உறவு இருப்பதாக மொழியியலில் சான்று எதுவும் கிடையாது. ஒலி ஒற்றுமை தற்செயலானது.)

சிக்கல் முதல் பாதியில்தான். கெச்சுவாவில் கல்லுக்கு வழக்கமான சொல் 'ரூமி'. சிலர் 'வெள்ளைக் காவலன்' என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் கெச்சுவாவில் வெள்ளைக்குச் சொல் 'யுராக்'. வெள்ளையைக் குறிக்கும் 'ஹன்கோ' என்ற சொல் பக்கத்து மொழியான அய்மாராவில் இருக்கிறது. அதை வைத்து 'வெள்ளைப் பள்ளத்தாக்கு' என்ற அய்மாரா விளக்கமும் சொல்லப்படுகிறது.

நான்காவதாக ஒரு விளக்கமும் உண்டு. சிலிப் பக்கம் ஓடும் ஒரு நதிக்கும் அகொன்காகுவா என்றே பெயர். அங்குள்ள மாபூச்சே மக்களின் மொழியில் அது 'மறுபக்கத்திலிருந்து வருவது' என்ற பொருள் தரும் என்கிறார்கள் சிலர். இதன்படி பார்த்தால் பெயர் முதலில் நதிக்கு இருந்து, பிறகு மலைக்குப் போயிருக்கிறது.

இது நமக்குப் புதிய கதையா என்ன? பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'பத்து' என்றால் கல். அருகே ஓடும் சுங்கை பத்து நதியின் பெயரே குகைகளுக்கு வந்தது என்பது பரவலான விளக்கம். அதே ஒலி தமிழ்க் காதில் விழுந்தபோது எண் ஆனது. 'பத்து' மலை ஆகி, முருகனின் பத்தாவது மலை என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்துகொண்டது. ஒரு மொழியின் ஊர்ப்பெயர் இன்னொரு மொழிக்காரரின் வாயில் விழும்போது, ஒலி அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறிவிடும். அகொன்காகுவாவிலும் அதுதான் நடந்திருக்கிறது. அங்கே ஒன்றுக்கு மூன்று மொழிகள் உரிமை கோருகின்றன.

கெச்சுவா எப்படிப்பட்ட மொழி?

பெரு, பொலிவியா, எக்குவடோர் உட்பட ஆண்டிஸ் நாடுகளில் சுமார் 80 லட்சம் பேர் கெச்சுவா பேசுகிறார்கள் என்பது பொதுவான கணக்கு. பெரு நாடு 1975-இல் இதை ஆட்சிமொழிகளில் ஒன்றாக அறிவித்தது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த மொழியின் கட்டமைப்பு அந்நியமாகத் தெரியாது. 'வாசி' என்றால் வீடு. 'வாசிகுனா' என்றால் வீடுகள். 'வாசிகுனாபி' என்றால் வீடுகளில். நாம் வீடு, கள், இல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவதைப்போலவே அவர்களும் ஒட்டுகிறார்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் இல்லாத 'நாம் - நாங்கள்' வேறுபாடு கெச்சுவாவில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'நியுகன்சிக்', சேர்க்காவிட்டால் 'நியுகய்கு'. மலாயில் 'கித்தா - காமி' என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அதே வேறுபாடுதான்.

மாச்சு பிச்சு என்ற பெயரும் கெச்சுவாதான். 'மாச்சு' என்றால் முதிய, 'பிச்சு' என்றால் சிகரம். அதற்கு எதிரே நிற்கும் வாய்னா பிச்சு, 'இளைய சிகரம்'. லாமா, பூமா, கொண்டோர் கழுகு ஆகிய பெயர்களும் கெச்சுவாவிலிருந்து உலக மொழிகளுக்குப் போனவையே.

அங்கே முதலில் ஏறியவர் யார்?

பதிவுகளின்படி, 1897 ஜனவரி 14 அன்று சுவிட்சர்லாந்து வழிகாட்டி மத்தியாஸ் சுர்பிரிகன் தனி ஆளாக உச்சியை அடைந்தார். எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு தலைமையிலான பிரிட்டிஷ் குழுவின் வழிகாட்டி அவர். குழுத் தலைவரான ஃபிட்ஸ்ஜெரால்டால் உயர நோய் காரணமாக உச்சியைத் தொட முடியவில்லை.

ஆனால் மலைக்கு மனிதர்கள் அதற்கும் சில நூற்றாண்டுகள் முன்பே போயிருக்கிறார்கள். 1985-இல் மலையேறிகள் சிலர், சுமார் 5,300 மீட்டர் உயரத்தில் ஒரு சிறுவனின் பதப்பட்ட உடலைக் கண்டுபிடித்தார்கள். வயது ஏறக்குறைய ஏழு. துணிகளில் சுற்றி, சிறு சிலைகளோடு அடக்கம் செய்யப்பட்டிருந்தான். இன்காக்கள் உயர்ந்த மலைகளைத் தெய்வமாக வணங்கினார்கள். முக்கியமான சடங்குகளில் குழந்தைகளைப் பலியிட்டு அங்கே அடக்கம் செய்தார்கள். அவர்கள் உச்சி வரை போனார்களா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இரு உச்சிகளை இணைக்கும் முகட்டில் 1947-இல் ஒரு குவனாக்கோவின் எலும்புக்கூடு கிடைத்தது. அந்த விலங்கு தானாக அவ்வளவு உயரம் ஏறியிருக்காது என்று வாதிடுபவர்கள் உண்டு.

தமிழர்கள் ஏறியிருக்கிறார்களா?

உயர்ந்த மலைகளில் மலேசியத் தமிழர்களின் கதை 1997 மே 23 அன்று தொடங்குகிறது. அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் சில நிமிட இடைவெளியில் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். எவரெஸ்டைத் தொட்ட முதல் மலேசியர்கள் அவர்கள்தான்.

அகொன்காகுவாவில் 2020 பிப்ரவரி 1 அன்று இந்தியக் கடற்படை அதிகாரி ஒருவரின் மகள் காம்யா கார்த்திகேயன் உச்சியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 12. அந்த மலையில் ஏறிய மிக இளவயதுச் சிறுமி என்ற பெயரும் கிடைத்தது. 2024 டிசம்பரில், 17 வயதில், ஏழு சிகரங்களையும் அவர் முடித்துவிட்டார். 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய விருதுநகர் மாவட்டத்துப் பெண் முத்தமிழ்ச்செல்வியும் அதன் பிறகு அகொன்காகுவாவில் ஏறியவர்.

இவர்களைப் பார்த்து, "பன்னிரண்டு வயசுப் பிள்ளையே ஏறிடுச்சே" என்று நினைக்க வேண்டாம். காம்யா பல ஆண்டுகள் இமயமலையில் பயிற்சி எடுத்த பிறகே அங்கே போனார்.

'நடந்தே போகலாம்' என்பது உண்மையா?

பாதி உண்மை. மேற்குப் பக்கம் உள்ள 'வழக்கமான பாதை' வழியாகப் போனால், நல்ல பருவத்தில் பாறையில் கயிறு கட்டி ஏற வேண்டிய இடங்கள் இல்லை. பனி உறைந்திருந்தால் காலணியில் முள்கம்பி மாட்ட வேண்டும். மற்றபடி நடைதான்.

பாதை இப்படிப் போகிறது:

- ஹோர்கோனெஸ் நுழைவாயில்: சுமார் 2,950 மீட்டர்
- கொன்ஃப்ளுவென்சியா முகாம்: சுமார் 3,400 மீட்டர்
- பிளாசா தெ முலாஸ் அடிவார முகாம்: சுமார் 4,300 மீட்டர். கோவேறு கழுதைகள் சுமை தூக்கி வருவது இதுவரைதான்
- நிதோ தெ கொந்தோரெஸ், அதாவது 'கொண்டோர்களின் கூடு': சுமார் 5,500 மீட்டர்
- கொலேரா முகாம்: சுமார் 5,970 மீட்டர்
- உச்சி: 6,961 மீட்டர்

கவனித்தீர்களா? அடிவார முகாமே கினாபாலு உச்சியைவிட உயரம். கினாபாலுவில் நீங்கள் உச்சியில் இருப்பது அரை மணி நேரம், பிறகு இறங்கிவிடுவீர்கள். இங்கே அதற்கும் மேலே பல இரவுகள் தூங்க வேண்டும். கினாபாலுவுக்கு இரண்டு நாள் போதும். அகொன்காகுவாவுக்குப் பெரும்பாலான குழுக்கள் 18 முதல் 20 நாள் ஒதுக்குகின்றன.

காற்றும் குளிரும் வேறு. கோடையிலும் மேல் முகாம்களிலும் உச்சியிலும் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போகும். 'வியெந்தோ பிளாங்கோ', அதாவது 'வெண்காற்று' என்று உள்ளூர்க்காரர்கள் அழைக்கும் பனிப்புயல் கிளம்பினால் பக்கத்தில் நிற்பவரைக்கூடப் பார்க்க முடியாது. 2009 ஜனவரியில், உச்சியைத் தொட்டுவிட்ட ஒரு குழு இப்படிப்பட்ட வானிலையில் இறங்கும் வழியைத் தவறவிட்டது. இத்தாலியப் பெண் ஒருவரும், குழுவின் அர்ஜென்டினா வழிகாட்டியும் உயிரிழந்தார்கள். வழிகாட்டி, பலமுறை அந்த மலையில் ஏறியவர். மலையடிவாரத்தில், புவெந்தே தெல் இன்கா அருகே, மலையேறிகளுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

உடலுக்கு என்ன நடக்கிறது?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் ஒன்றுதான், சுமார் 21 சதவீதம். உயரம் போகப் போகக் குறைவது காற்றழுத்தம். கினாபாலு உச்சியில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம். அகொன்காகுவா உச்சியில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு மூச்சில் கிள்ளானில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிகூட அங்கே கிடைக்காது.

உடல் இதற்குப் பழகும். ஆனால் மெதுவாகத்தான் பழகும். அவசரப்பட்டால் வருவது உயர நோய். மூன்று வடிவங்களை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, சாதாரண உயர நோய். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை. ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சரியாகும்வரை மேலே ஏறக் கூடாது.

இரண்டாவது, நுரையீரலில் நீர் கோத்தல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், சளி இளஞ்சிவப்பு நுரையாக மாறும்.

மூன்றாவது, மூளை வீக்கம். பேச்சு குழறும், தடுமாற்றம் வரும். குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் முடியாது.

பின்னிரண்டும் உயிரைப் பறிப்பவை. அவற்றுக்கு முதல் மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது. "ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று கூடாரத்திலேயே காத்திருப்பது ஆபத்து.

இவற்றைத் தவிர்க்க மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு எடுங்கள். அகொன்காகுவா பூங்காவில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கொன்ஃப்ளுவென்சியாவிலும் பிளாசா தெ முலாஸிலும் ரத்த அழுத்தம், ரத்த ஆக்சிஜன் அளவு, நுரையீரல் சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். தகுதி இல்லை என்று அவர்கள் சொன்னால் பயணம் அங்கேயே முடிந்தது.

நீரிழிவு இருந்தால்?

இதை நம் வாசகர்களுக்காகத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதை தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

நீரிழிவு இருப்பதாலேயே மலை ஏறக் கூடாது என்றில்லை. ஆனால் இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும்; இரவில் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கடும் குளிரிலும் உயரத்திலும் சர்க்கரை அளவுமானி தவறான எண்ணைக் காட்டலாம். சர்க்கரை குறைவதால் வரும் தடுமாற்றமும் மூளை வீக்கத்தின் தடுமாற்றமும் ஒன்றுபோலவே தெரியும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குப் பனிக்கடி வருவதே தெரியாமல் போகும். ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் போங்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும் இதே பேச்சுதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எப்படித் தயாராவது?

கால் வலுவையும் மூச்சுத் திறனையும் இங்கேயே வளர்த்துக்கொள்ளலாம். உலு லங்காட்டில் உள்ள நுவாங் மலை 1,493 மீட்டர்; நீண்ட ஏற்றம். முதுகில் 15 கிலோ சுமையோடு அதில் ஏறி இறங்கி, மறுநாளும் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். வார நாளில் நேரமில்லை என்றால் குடியிருப்பின் மாடிப்படிகளே போதும். பத்துமலையின் 272 படிகளில் ஏறுவது சூடேற்றிக்கொள்ள உதவும். அதையே முழுப் பயிற்சியாக நினைக்க வேண்டாம்.

உயரத்துக்குப் பழகுவதை மட்டும் இங்கே செய்ய முடியாது. கெந்திங் மலையில் ஒரு வாரம் தங்கினாலும் உயரம் 1,800 மீட்டரைத் தாண்டாது. அதனால் கினாபாலுவுக்கும் அகொன்காகுவாவுக்கும் நடுவே 5,000 மீட்டரைத் தொடும் ஒரு மலையேற்றமாவது, நேப்பாளத்திலோ கிளிமஞ்சாரோவிலோ, செய்துபார்ப்பது நல்லது. உங்கள் உடல் உயரத்தை எப்படித் தாங்குகிறது என்பது உங்களுக்கே அப்போதுதான் தெரியும். எவ்வளவு உடற்பயிற்சி செய்தவராக இருந்தாலும் உயர நோய் வரலாம்.

ஏறும் பருவம் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. நமக்குத் தைப்பூசம் வரும் நாட்களில் அங்கே கோடைக்காலம். மெண்டோசா நகரம் நம்மைவிட 11 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து பூங்காவுக்குச் சுமார் 180 கிலோமீட்டர். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற முடியாது. நுழையும்போது எண்ணிட்ட குப்பைப் பை தருவார்கள். அதைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் அபராதம். மனிதக் கழிவையும் மேல் முகாம்களிலிருந்து பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும்.

ஏற்பாட்டாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்:

- மொத்தம் எத்தனை நாள்? உச்சி நாளுக்கு வானிலை கெட்டால் காத்திருக்க எத்தனை நாள் கூடுதலாக இருக்கிறது?
- ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஒருவர் இறங்க வேண்டியிருந்தால் அவரோடு யார் இறங்குவார்?
- உச்சி நாளில் எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும், திரும்பிவிடுவோம்?
- காப்புறுதி 7,000 மீட்டர் வரையிலான மலையேற்றத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் உள்ளடக்குகிறதா? சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் பல இந்த உயரத்தை ஏற்பதில்லை.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். இத்தனை ஆயிரம் ரிங்கிட் செலவழித்து, உலகத்தின் மறுபக்கம் வரை போய், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்புவது யாருக்கும் கஷ்டம். அந்த உயரத்தில் மூளை தெளிவாகவும் யோசிக்காது. எனவே திரும்பும் நேரத்தை மெண்டோசாவில், நல்ல காற்றை சுவாசிக்கும்போதே, முடிவு செய்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் அந்த நேரத்தைச் சொல்லி வையுங்கள்.